மாலுமி மாமா

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் மதுரையிலிருந்து இன்னொரு கூட்டமும் மலைக்குக் கிளம்பும். கீழே வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்க, சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 20 டிகிரியைத் தாண்டவே பகல் பொழுது யோசிக்கும். வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு, முதல் வளைவிலேயே "தம்பி, செகண்ட் கியர்ல போ" என்று ஆரம்பிப்பாரே ஒருவர், அவர்தான் மாலுமி மாமா. வண்டி ஓட்டத் தெரியுமா என்று அவரைக் கேட்கக் கூடாது. ஸ்கூட்டர் ஓட்டுவார்.

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம், கூட்டுறவு வங்கியில் மேலாளர், ஓய்வுபெற்ற உதவித் தலைமையாசிரியர் என்று ஊருக்குள் அவருக்குப் பல வேஷம் உண்டு. கடலை ராமேஸ்வரத்தில் முழங்கால் அளவுக்குப் பார்த்திருக்கிறார், அதுவும் தர்ப்பணம் கொடுக்கப் போனபோது. நீச்சல் தெரியாது. ஆனால் மே மாதம் கொடைக்கானல் ஏரிக்கரைப் படகு குழாமில் நிற்கிற குடும்பங்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், படகில் எந்த இடத்தில் யார் உட்கார வேண்டும் என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும் மாமாக்கள் வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள்.

அவருடைய அதிகாரத்துக்கு ஆதாரம் ஒரே வாக்கியம்: "நான் முன்னமே வந்துருக்கேன்ல." எப்போது வந்தார்? 'குணா' படம் வந்த 1991-இல், கல்யாணமான புதிதில். அதற்குப் பிறகு ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் வந்ததிலிருந்து வேனில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குணா குகையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. மாமாவின் கொடைக்கானல் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே ரூம் வாடகை நூற்றைம்பது ரூபாய், பனி மதியத்திலேயே இறங்கும், சோளக்கதிர் ஒரு முழ நீளம்.

காமக்காபட்டி சோதனைச் சாவடியில் முதல் மோதல். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலைக்கு ஏற இ-பாஸ் வேண்டும். அடுத்த ஆண்டு சீசனில் வார நாட்களில் 4,000, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. பாஸை மருமகன் போனில் எடுத்து வைத்திருப்பான். மாமா அதை நம்புவதில்லை. ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதி எடுத்து, கல்யாணப் பத்திரிகை வந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருப்பார். காவலர் போனை ஒரு பார்வை பார்த்து "போங்க" என்று கையசைத்த பிறகும் வண்டியை நிறுத்தச் சொல்லி, மூன்று பிரதியையும் நீட்டாமல் அவருக்கு மனசு ஆறாது.

அடுத்தது தண்ணீர் பாட்டில். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோனால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வரியை ஜெயிக்க மாமா ஒரு வழி வைத்திருக்கிறார்: இருபது லிட்டர் கேன். அதை ஊர் முழுக்கத் தூக்கிச் சுமப்பவன் மருமகன்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் வேன் நிற்கும். 180 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும். "ஏரி நெறஞ்சு வழியிற தண்ணிதான் இங்க வந்து விழுது" என்பார் மாமா. உண்மைதான். அந்த உற்சாகத்தில் நிறுத்திக்கொள்ளாமல் "அந்த ஏரியே ஒரு பழைய எரிமலை வாய்" என்று இன்னொன்றையும் சேர்ப்பார். அது எரிமலையுமில்லை, வாயுமில்லை. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடைகளை மறித்துக் கரை கட்டி 1863-இல் ஏரியாக்கியவர் வேர் ஹென்றி லெவிஞ்ச். மதுரை கலெக்டராக இருந்தவர். ஏரியில் மீன் விட்டார், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். மோட்டார் வண்டி ஏறும் சாலை வர இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி இருந்த காலம் அது. மலையேற நடை உண்டு, குதிரை உண்டு, வசதிப்பட்டவர்களுக்கு ஆள் தூக்கும் நாற்காலி உண்டு. அந்தப் பாதையில் ஒரு படகு வந்து சேர்ந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு யார் வழி சொல்லியிருப்பார் என்று சிரமப்பட்டு யோசிக்க வேண்டியதில்லை. மதுரை வெயில் தாங்காமல் மலையேறி வந்து, தண்ணீரைக் கண்டதும் படகு விட ஆசைப்பட்டவர் வரிசையில் லெவிஞ்ச் துரைதான் முதல் மாலுமி மாமா.

1890-இல் வெள்ளைக்காரர்கள் படகு கிளப் ஆரம்பித்தார்கள். பொதுஜனம் வாடகைக்குப் படகு எடுக்க 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய மாமா டிக்கெட் வரிசையில் காத்திருக்கும் நேரத்தைப் பார்த்தால் அந்த நாற்பத்திரண்டு வருஷம் பெரிதாகத் தெரியாது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை, நகராட்சியின் துறை, பழைய கிளப்பின் துறை என்று மூன்று இடத்திலும் போய்க் கட்டணப் பலகையைப் படித்து, மனக்கணக்குப் போட்டு, கடைசியில் முதலில் பார்த்த இடத்துக்கே திரும்புவார். அதற்குள் அங்கே வரிசை ரோட்டுக்கு வந்திருக்கும்.

"துடுப்புப் படகா, பெடல் படகா?" என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். துடுப்புப் படகுக்கு ஆள் உண்டு, காசும் கூட. மாமா பதிலுக்கு யோசிப்பதே இல்லை. "பெடலே குடுங்க. நமக்குக் காலு இல்லையா?" இருக்கிறது. அவர் சொல்லும் கால்கள் மருமகனுடையவை.

பிறகு லைஃப் ஜாக்கெட். காலையிலிருந்து ஆறேழு பேர் போட்டுக் கழற்றியது, ஆரஞ்சு நிறம், ஈரமாகவே இருக்கும். ஸ்வெட்டர், மப்ளர், மங்கி கேப் எல்லாவற்றுக்கும் மேலே அதை மாட்டிக்கொண்டு பட்டையை இழுத்தால், இரண்டு கொக்கிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி நிற்கும். துறையில் நிற்கும் பையன் "மூச்ச உள்ள இழுங்க சார்" என்பான். மாமா இழுப்பார். கொக்கி மாட்டும். முகம் நீலம் பாரிக்கும். அத்தை மட்டும், சேலைக்கு மேலே ஜாக்கெட்டை ஒரே இழுப்பில் கட்டிக்கொண்டு, முறுக்குப் பையோடு பின்னிருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள்.

பெடல் படகின் அமைப்பைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் மாமாவின் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் இதுவரை செய்யப்படவில்லை. நான்கு பேர் படகில் முன்னிருக்கை இரண்டுக்கும் எதிரே மிதிகள். எல்லாமே ஒரே தண்டில் கோத்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவரின் மிதியும் தானாகச் சுற்றும். ஆக, பாதத்தை மேலே சும்மா வைத்துக்கொண்டிருந்தால் போதும், பின்னிருக்கையிலிருந்து பார்ப்பவர்களுக்கு மாமா உயிரைக் கொடுத்து மிதிப்பதாகவே தோன்றும். பெருமூச்சு மட்டும் தனியாக விட வேண்டும். நடுவில் ஒரு கைப்பிடி. அது பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கானைத் திருப்பும். அந்தக் கைப்பிடி யாருடைய கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சிக்கல் சுக்கானில்தான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் அதை உரசிக்கொண்டு ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை. நின்ற படகில் அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு அசைந்து கொடுக்காது. மாமாவோ பயத்தில் "நிறுத்து, நிறுத்து" என்று மிதியை நிறுத்திவிட்டு, அதன்பிறகு கைப்பிடியைப் பலம்கொண்ட மட்டும் ஒடிப்பார். படகு வேகம் தணிந்து, திரும்பாமல் நேராக மிதந்து போகும். பின்பக்கமாக மிதித்தால் சுக்கானின் வேலை தலைகீழாகிவிடும். இடப்பக்கம் எதிர்பார்த்தால் வலப்பக்கம் போகும். "இந்த போட்டுல ஏதோ ரிப்பேரு" என்ற தீர்ப்பு வர அதிக நேரம் ஆவதில்லை.

தண்ணீரில் பிரேக் கிடையாது என்பது தெரியவரும் இடம், எதிரே இன்னொரு மாமா வரும் இடம். இரண்டு படகும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன. ஏரி சுமார் 60 ஏக்கர். விலக இடம் தாராளமாக இருக்கிறது.

"சார், லெஃப்ட்ல போங்க!"

"என் லெஃப்ட்டா, உங்க லெஃப்ட்டா?"

டொக்.

ஃபைபர் படகுகள் என்பதால் சேதம் ஒன்றுமில்லை. மூக்கும் மூக்கும் உரசிக்கொண்டு நிற்கும்போது, சண்டைக்குத் தயாரான இரண்டு மங்கி கேப்களும் ஒன்றையொன்று உற்றுப் பார்க்கும். "நீங்க எந்த ஊரு?" "மதுரை. ஆரப்பாளையம்." "அட, நாங்க பக்கத்துல கரிமேடு! ஆரப்பாளையத்துல யாரு வீடு?" அரை மணி நேர வாடகையில் பத்து நிமிஷம், நடு ஏரியில் சம்பந்தி வழி உறவு ஒன்று தேறுவதில் போய்விடும். அத்தைகள் இருவரும் முறுக்கையும் அதிரசத்தையும் மாற்றிக்கொள்வார்கள். மருமகன்கள் இருவரும் மிதியிலிருந்து காலை எடுத்து நீவிவிட்டுக்கொள்வார்கள்.

துடுப்புப் படகு எடுக்கும் மாமாக்களும் உண்டு, சிறுபான்மையினர். அவர்கள் ஓட்டுவதில்லை, படகுக்காரரைப் பேட்டி காண்பார்கள். மாசம் எவ்வளவு வரும், எத்தனை பிள்ளைகள், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இங்கே ஆழம் எவ்வளவு, இதுவரை யாராவது விழுந்திருக்கிறார்களா, முதலை உண்டா. படகுக்காரர் ஒரு சீசனுக்கு எத்தனை முறை இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பாரோ, துடுப்பின் தாளம் தவறாமல் சொல்லிக்கொண்டே வருவார். முதலையைப் பற்றி மட்டும் ஒன்றும் பேச மாட்டார், சிரிப்பார். அதன்பிறகு மாமா தண்ணீருக்குள் விட்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம் என்று எல்லாப் பிரசுரத்திலும் போட்டிருக்கும். வானத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நட்சத்திரம். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு முனையும் ஒரு முட்டுச்சந்து. "அங்கிட்டு கூட்டமே இல்ல, வாங்க" என்று மாமா ஒரு முனைக்குள் படகைத் திருப்புவார். இரண்டு வளைவு தாண்டியதும் படகு குழாம் மறைந்துவிடும். யூகலிப்டஸ் மரங்கள், கரையோரம் சவாரிக் குதிரைகள், இரட்டைச் சைக்கிளில் தடுமாறும் புதுத் தம்பதிகள், எல்லாம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து மேகம் இறங்கும். ஐந்தே நிமிஷத்தில் கரையும் காணாது.

"என்னங்க, வழி தெரியுமா?"

"வந்துருக்கேன்ல!"

"அது முப்பது வருஷத்துக்கு முன்னாடி. அப்ப போட்டுக்காரரு ஓட்டுனாரு."

முப்பது வருஷத்துக்கும் மேலாக வெளியே வராமல் இருந்த ரகசியம் இது. மருமகன் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

காற்றும் வந்துவிட்டால் கதை முடிந்தது. பெடல் படகுக்கு எடை குறைவு, மேலே கூரை வேறு. காற்று தள்ளும் பக்கம் தள்ளாடிக்கொண்டு போய்க் கரையோரச் செடிக்குள் செருகிக்கொள்ளும். மாமா எழுந்து நின்று பார்க்க முயல்வார், படகு ஒரு பக்கம் சாயும், மூன்று பேரும் சேர்ந்து கத்துவதில் உட்கார்ந்துவிடுவார். மேகத்துக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்கும். நேரம் முடிந்தும் திரும்பாத படகைத் தேடி, துடுப்புப் படகில் ஒருவர் வருவார். ஐம்பது வயதிருக்கும், ரப்பர் செருப்பு, ஸ்வெட்டர்கூட இருக்காது. ஒன்றும் கேட்காமல் ஒரு கயிற்றை எடுத்துப் பெடல் படகின் மூக்கு வளையத்தில் கட்டுவார். கட்டும்போதும் மாமா சும்மா இருக்க மாட்டார். "இறுக்கிக் கட்டுங்க தம்பி, அவுந்துறப் போகுது."

துறையை நெருங்கும்போது, வலித்து வந்தவர் கயிற்றை அவிழ்த்து விட்டதும், கொக்கிக் கழியோடு நிற்கும் பையன் அங்கிருந்தே கூவுவான்: "மிதிக்காதீங்க சார், மிதிக்காதீங்க!" இந்த ஒரு கட்டளையைத்தான் மாமா காதில் வாங்கிக்கொள்வதில்லை. அதுவரை சும்மா வைத்திருந்த கால் திடீரென்று வேலை செய்யத் தொடங்கும். படகு துறையில் முட்டி, அங்கே ஏறுவதற்காக ஒற்றைக் காலைத் தூக்கியிருந்த விருதுநகர்க் குடும்பத்தைத் திரும்ப உட்கார வைக்கும். தாமதத்துக்கான கூடுதல் கட்டணத்தை மருமகன் சத்தமில்லாமல் கட்டிவிட்டு வருவான்.

கோடை விழா நடக்கும் வாரம் என்றால் மாமா கரையில் நின்றும் படகோட்டுவார். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் நெரியும். அவர் அங்கே பூவைப் பார்த்துவிட்டு இங்கே ஓடி வந்துவிடுவார். படகுப் போட்டியும், ஏரியில் வாத்துகளை விட்டுப் படகில் துரத்திப் பிடிக்கும் போட்டியும் நடக்கும். தண்ணீரில் பிறந்து வளர்ந்த வாத்து ஒருபக்கம், துடுப்பை நேற்றுப் பிடித்தவர்கள் ஒருபக்கம். கூட்டம் மனிதர்கள் பக்கம் கத்த, எழுதுகிறவர்களின் அனுதாபம் எப்போதும் வாத்தின் பக்கம். மாமா இரண்டு கட்சிக்கும் யோசனை சொல்வார்.

இரவு ரூமுக்குள் ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்து மதுரைக்குப் போன் போடுவார். மறுமுனையில் மைத்துனர்.

"ஆமா மாப்ள, ஆளெல்லாம் வைக்கல, நாமளேதான் ஓட்டுனோம். செம காத்து. பனின்னா பனி, மூக்கு நுனி தெரியல. நான் விடல. ஏரிய ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வந்தேன். இருக்கும், அஞ்சு கிலோமீட்டர் இருக்கும்."

கட்டில் ஓரத்தில் மருமகனைக் குப்புறப் படுக்கச் சொல்லி, மாலையில் கடைத்தெருவில் வாங்கிய யூகலிப்டஸ் தைலத்தை அவன் கெண்டைக்காலில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருப்பாள் அத்தை. தலையைத் தூக்காமலே சொல்வாள்: "கயித்தக் கட்டி இழுத்துட்டு வந்தாருல்ல ஒருத்தரு, அதையும் சொல்லுங்க."

"மாப்ள, சிக்னல் கட்டாகுது," என்பார் மாமா.