கள்ளக்குறிச்சிக் கார் பேட்டரியின் அகால மரணம்: பரபக்கமும் சுபக்கமும்

ஆய்வுப் பொருளும் எல்லையும்

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சார்ஜ் ஏற்றி மாட்டினால் ஓடுகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே ‘டிக்’. இதை இக்கட்டுரை ‘மீள்மரணம்’ என்று வழங்கும். வயதான பேட்டரி ஒருமுறை சாவது இயற்கை. போன மாதம் வாங்கியதும் சேர்ந்து சாவதுதான் ஆய்வுக்குரியது.

ஆய்வுக் களம், 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம். கீழே சின்னசேலம், தியாகதுருகம் எனக் கொதிக்கும் சமவெளி. மேலே, கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை எனக் குளிரும் கல்வராயன் மலை. வெயிலும் குளிரும் ஒரே மாவட்டத்தில் கிடைப்பது ஆய்வாளனுக்கு வரம். மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் டிராக்டர்கள் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன. வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்து நிறுத்தும் ஞானம் அவற்றின் ஓட்டுநர்களுக்கு உண்டு.

முறையியல்

சிவஞான போதம் செய்த மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர் நமக்கு அண்டை ஊர். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரை இரண்டாகப் பகுத்தார். பிறர் கொள்கையை மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். உண்மையை அறியும் அளவைகளில் தலையாயவை காட்சி, கருதல், உரை என மூன்று. 13ஆம் நூற்றாண்டின் இந்த ஒழுங்கு 12 வோல்ட்டுக்கும் பொருந்துகிறது. நம் வட்டாரத்தில் வரிசைதான் தலைகீழ்: முதலில் டீக்கடை உரை, அடுத்து ‘இதுவாத்தான் இருக்கும்’ என்ற கருதல், பணம் போன பிறகு காட்சி.

பரபக்கம்

முதலாவது, பேட்டரிவாதம். ‘பேட்டரி போச்சு, மாத்திடு’ என்பது இதன் ஒரே சூத்திரம். 1859இல் பிரான்ஸின் கஸ்தோன் பிளாந்தே ஈய-அமில பேட்டரியை உருவாக்கினார். 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார்கள். வண்டி கிளம்பாவிட்டால் சுற்றியவனைத் திட்டினார்கள். அந்தத் திட்டு முழுவதும் அன்றிலிருந்து பேட்டரிக்கு மாறியது. பேட்டரி கொடுத்ததைத் திருப்பித் தரும் பாத்திரம் மட்டுமே. கொடுக்க வேண்டியது ஆல்டர்னேட்டர். அதை இன்றும் பட்டறைகளில் டைனமோ என்பார்கள். கொடுப்பவன் படுத்தாலும், இரவில் யாரோ திருடினாலும், பழி பாத்திரத்துக்கே.

இரண்டாவது, தள்ளுவாதம். இரண்டாம் கியரில் போட்டு, தள்ளி, கிளட்ச்சை விட்டால் தீர்ந்தது என்பது இதன் கொள்கை. மலை இறக்கத்தில் பழைய டீசல் ஜீப்புக்கு இது சித்தாந்தமே. ஆனால் இன்றைய பெட்ரோல் காரில் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால், தள்ளுவதால் வலுப்பெறுவது தள்ளியவர்களின் கால்கள் மட்டுமே. ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு இவ்வாதம் தொடக்கத்திலேயே தோற்கிறது.

மூன்றாவது, கழற்றுவாதம். என்ஜின் ஓடும்போது பேட்டரியின் டெர்மினலைக் கழற்று. வண்டி நிற்காவிட்டால் டைனமோ நல்லது என்பர் இவர்கள். பழைய வண்டிகளில் இது செல்லுபடியானது. இப்போது கழற்றிய கணத்தில் வோல்ட்டேஜ் எகிறி, டையோடையும் கம்ப்யூட்டரையும் எரித்துவிடக்கூடும். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றறிய நெஞ்சைப் பிளந்து பார்ப்பது போன்றது இது.

நான்காவது, எலுமிச்சைவாதம். பூஜை போட்டு, டயருக்கடியில் பழம் வைத்து நசுக்கியும் ஏன் இப்படி என்பது இவர்கள் கேள்வி. எலுமிச்சையில் அமிலம் உண்டு என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. செம்பையும் துத்தநாகத்தையும் செருகினால் ஒரு பழம் ஏறக்குறைய ஒரு வோல்ட் தரும். ஆனால் ஆம்பியரில் அது பரம ஏழை. செல்ஃப் கேட்பதோ நூறு ஆம்பியருக்கு மேல்.

சுபக்கம்

இனி நம் கொள்கை. ஒரு சாதாரண மல்டிமீட்டரால் காணத்தக்க காட்சிகள் நான்கு.

முதற்காட்சி, உறக்கம். வண்டியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே ஏறக்குறைய காலி. நன்றாகச் சார்ஜ் ஏற்றியும் 10.5லேயே நின்றால், ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். செல்லுக்கு 2.1 வீதம் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

இரண்டாம் காட்சி, முயற்சி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ‘டிக்’ மட்டும் கேட்டு, பேட்டரி முனையில் வோல்ட்டேஜ் 12க்கு மேலேயே அசையாமல் நின்றால் பேட்டரி நிரபராதி. டெர்மினலில் பூத்த பச்சை வெள்ளைப் பொடி, தளர்ந்த எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் ஆகிய மூவரில் ஒருவரே குற்றவாளி. பொடிக்கு வெந்நீரும் ஆப்பச்சோடாவும் போதும்.

மூன்றாம் காட்சி, உழைப்பு. என்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகும் 13க்கு மேல் நிற்க வேண்டும். 12 சொச்சத்தில் இருந்து இறங்கிக்கொண்டே போனால் ஃபேன் பெல்ட் வழுக்குகிறது, அல்லது ஆல்டர்னேட்டர் படுத்துவிட்டது. 15ஐத் தாண்டினால் வோல்ட்டேஜை அடக்கும் கட்-அவுட் கெட்டுவிட்டது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும்.

நான்காம் காட்சி, களவு. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து, வண்டி முழுதாக உறங்க அரை மணி கொடுக்க வேண்டும். அந்நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் பலியாகும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை. அணையாத 5 வாட் டிக்கி லைட் ஒன்று 0.4 ஆம்பியர் குடிக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்றரை நாளில் முடித்துவிடும். அளவு கூடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த வழியில் திருடன். பின்னால் மாட்டிய ஆடியோ செட், அலாரம் முதலியவை பழைய கேடிகள். எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் விழவில்லையா? ஆல்டர்னேட்டருக்குள் டையோடு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் கொடுத்துக்கொண்டே இரவில் திருடுபவன் அவன்.

புவியியல் கண்டுபிடிப்பு

மலைக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கினால், மறுநாள் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ‘மலைக் காத்து ஒத்துக்கல’ என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மை வேறு. பத்து டிகிரி வெப்பம் கூடினால் உள்ளே நடக்கும் சிதைவு ஏறக்குறைய இரு மடங்கு வேகம் பெறும்; சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் நடப்பது இதுதான். மலைக் குளிரில் ஆயில் சற்றுத் தடிக்கிறது, பேட்டரியின் ரசாயனம் சற்று மந்தமாகிறது. ஏற்கெனவே வெயிலில் தேய்ந்த பேட்டரி அங்கே கைவிடுகிறது. கொலை நடந்தது கள்ளக்குறிச்சிச் சமவெளியில். பிணம் கிடைத்தது வெள்ளிமலையில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தடை விடை

‘வண்டி தினமும் ஓடுதே?’ என்பது தடை. விடை: வீட்டிலிருந்து கடைவீதி வரை ஓடுவது ஓட்டமாகாது. ஈய-அமில பேட்டரி கடைசிப் பங்கு சார்ஜை மெதுவாகத்தான் ஏற்கும். அரைவயிற்றோடு நாள்கணக்கில் இருந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகும். பிறகு கொடுத்தாலும் வாங்காது.

‘டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியலையே?’ என்பது மறுதடை. விடை: சாவியை ஆன் செய்ததும் அது எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எப்போதுமே எரியவில்லை என்றால் பல்பே போயிருக்கலாம். பழைய வண்டிகள் சிலவற்றில் அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் விழிக்கும். பல்பு போனால் சார்ஜும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

முடிபு

பேட்டரிக்குச் சில ஆயிரம் ஆகும்; மீட்டருக்குச் சில நூறு போதும். ஆகவே காட்சிக்குப் பின்பே கருதல், கருதலுக்குப் பின்பே கடை என்று நிறுவப்படுகிறது.

மேலாய்வுக்குரிய சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. பானெட் திறந்த காரைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் நாலு பேர் கூடுகிறார்கள். மூவர் எட்ட நின்றே ‘பேட்டரிதான்’ என்கிறார்கள். நாலாமவர் மட்டும் பேசாமல் குனிந்து பெல்ட்டை அழுத்தியும் டெர்மினலை ஆட்டியும் பார்க்கிறார். அவர் யார், எந்த ஊர் என்பது தனி ஆய்வு. அதுவரை அவரை மட்டும் விட்டுவிடக் கூடாது. டீ வாங்கிக் கொடுத்தாவது நிறுத்திக்கொள்ள வேண்டும்.