மானத்துக்கு எத்தனை பாயிண்ட்?

விளையாட்டு விழாவில் ஒற்றுமையைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் யாரும் வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. தலைமையாசிரியர், சிறப்பு விருந்தினர், அப்புறம் நான்.

என் உருக்கத்துக்குக் காரணம் உண்டு. 100 மீட்டரில் ஐந்தாம் இடம் எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. ஐந்தாவதாக வருகிறவனுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் 4×100 ரிலேயில் தொற்றிக்கொண்டால் மேடை ஏறலாம். ஆகவே மஞ்சள் அணியின்மேல் எனக்கிருந்த பற்று ஆழமானது, அப்பழுக்கில்லாதது.

எங்கள் அணியில் நிஜமாகவே ஓடத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். 100, 200 இரண்டிலும் முதல். அடுத்து நீளம் தாண்டுதலையும் ஜெயித்தால் தனிநபர் சாம்பியன் கோப்பை அவனுக்கு. இடையில் வந்து தொலைத்தது ரிலே.

எங்கள் பள்ளிக் கணக்கு இதுதான்: முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. ரிலேக்கு இரட்டிப்பு, ஆனால் அவ்வளவும் அணியின் கணக்கில்தான் ஏறும். ஓடியவன் பெயருக்கு எதிரே ஒரு புள்ளியும் விழாது.

"தொடை பிடிக்குது சார், ரிலே வேணாம்" என்றான்.

"மஞ்சள் அணியோட மானம்டா!" என்றார் பி.இ.டி. சார்.

"மானத்துக்கு எத்தனை பாயிண்ட் சார்?"

சார் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார். விதிகளை எழுதியவரே அவர்தான், பாவம். மற்ற மூன்று பேரும் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து அவன் உள்ளங்கையில் கொட்டி, 'அணி' என்ற சொல்லை ஆளுக்கு நாலு முறை சொன்னோம். கடைசியில் வந்தான்.

என்னை மூன்றாவது ஆளாக நிறுத்தினார் சார். "வளைவுல ஓடறதுக்குன்னு தனித் திறமை வேணும்" என்றார். உலகப் பயிற்சியாளர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் சொன்ன தொனி வேறு.

ரிலேயில் ஒரு வேடிக்கை உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா எடுத்துக்கொண்டது 36.84 நொடி. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 9.21. உசைன் போல்ட் தனியாக ஓடிய உலக சாதனையே 9.58தான். உடனே ஒற்றுமையின் மகிமை என்று கைதட்ட வேண்டாம். முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் ஓட்டம் பிடித்தபடியே கட்டையை வாங்குகிறார்கள், அந்த மிச்சம் அது. ஒற்றுமை வைத்த செலவும் உண்டு. 2008 பெய்ஜிங்கில் உடன் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மறுபரிசோதனையில் ஊக்கமருந்து தெரிய, 2017இல் போல்ட்டின் ரிலே தங்கமும் போனது. அவர் குடித்த தண்ணீரில்கூடப் பிழையில்லை.

எங்களிடம் இருந்த கட்டை, பிவிசி பைப்பை அறுத்து எடுத்தது. அதை மூன்றாவது இடத்தில் இருந்தபடி அவன் கையில் கொடுத்தேன். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினான். மஞ்சள் அணி மைதானத்துக்குள் இறங்கி ஆடியது. அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு மணல் குழிப் பக்கம் போனான்.

நீளம் தாண்டுதலில் இரண்டாமிடம். மொத்தம் 13. ஏற்கெனவே 400 மீட்டரையும் மும்முறைத் தாண்டுதலையும் ஜெயித்திருந்த நீல அணிக்காரன் அதையும் ஜெயித்து 15 புள்ளியில் கோப்பையைத் தூக்கினான். அவன் அணியின் ரிலே ஓடும்போது நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் சப்பிக்கொண்டிருந்தவன். அவனைச் சுயநலக்காரன் என்று ஒரு வாரம் திட்டினோம். திட்ட எங்களுக்கு என்ன யோக்கியதை? எங்கள் மூவரிடமும் சான்றிதழ் இருந்தது. பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அலைந்தபோது அந்தக் காகிதத்தை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரிலேயின் 10 புள்ளியை அணிக்குக் கொடுங்கள். அதையே நாலாகப் பிரித்து ஓடியவர்கள் கணக்கிலும் ஏற்றுங்கள். அன்று அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு 15.5, அரைப் புள்ளியில் கோப்பை அவனுடையது. அது முடியாது என்றால், தொடை பிடிக்கிறது என்று சொல்கிற பையனை நம்பி விட்டுவிடுங்கள். முடியும் என்றால், பள்ளியின் பழைய ஏட்டில் எனக்கும் இரண்டரைப் புள்ளி பாக்கி இருக்கிறது.