ஆல் சைடு

சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கியதற்கு முதுகில் வாங்கிய தலைமுறை எங்களுடையது. யாரோ கிறுக்கிய சுவரைப் பார்க்கவென்றே விமானச் சீட்டு எடுக்கும் தலைமுறை எங்கள் பிள்ளைகளுடையது. பினாங்கில் வேலை பார்க்கும் தங்கை மகன், நான் போய் இறங்கிய மறுநாளே என்னை ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு சுவர். அதில் சாய்த்தபடி நிஜமான பழைய சைக்கிள் ஒன்று. சைக்கிளின் மேல் இரண்டு பிள்ளைகள், சித்திரத்தில். லித்துவேனியாக்காரரான எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் வரைந்தது. பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ள வரிசை. சுற்றியிருந்த சுவர்களில் பாதிக்குக் காரை பெயர்ந்து கிடந்தது.

“பூசாம அப்படியே விட்டுட்டாங்களே மாப்ள?”

“அதுதான் மாமா அழகு. அதைப் பாக்கத்தான் வெள்ளைக்காரன் வர்றான்.”

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வெளிச்சுவர் இதே அழகை எட்டியபோது என் தகப்பனார் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

வருகிற வழியில் சிங்கப்பூர். 1994-இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கப் பையனுக்குக் கார்களின் மேல் பெயின்ட் அடித்த வழக்கில் பிரம்படி கொடுத்த ஊர் அது. அமெரிக்க அதிபர் கிளின்டனே கேட்டுக்கொண்டும் ஆறு அடி நான்காகக் குறைந்ததோடு சரி. இன்று அங்கே லிட்டில் இந்தியாவில் கிளி ஜோசியக்காரர் சுவர் உயரத்துக்கு நிற்கிறார். அவருக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறது, ஃபேயிடம் இல்லை. கலைக்கும் குற்றத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்தான் போலிருக்கிறது.

லண்டன் கதை இன்னும் விசேஷம். பேங்ஸி என்று பெயர் வைத்துக்கொண்டு, முகம் காட்டாமல் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் வரைகிறவரின் படம் ஒன்று 2018-இல் சதபீஸ் ஏலத்தில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. சுத்தியல் தட்டிய கையோடு, சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருந்த கருவி படத்தின் கீழ்ப்பாதியைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிவிட்டது. பாதி கிழிந்த அந்தப் படம் 2021-இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பவுண்டு. எங்கள் ஊரில் சினிமா போஸ்டரைப் பாதி கிழிப்பது மாடு. மைதாப் பசைக்காகக் கிழிக்கும். கிழித்ததற்கு யாரும் பத்துப் பைசா தந்ததில்லை.

உண்மையில் எங்கள் சுவர்களுக்கு வம்சாவளி கொஞ்சம் பெரியது. தூத்துக்குடியின் பழைய வீடுகள் பலவற்றுக்குக் கல்லும் கடலிலிருந்து வந்தது, சுண்ணாம்பும் கடலிலிருந்து வந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் ஏற்றி வந்து காளவாசலில் சுட்டார்கள். 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வந்தது. அதற்குள் விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போயாகிவிட்டது. ஆக, உதயசூரியனும் இரட்டை இலையும் எங்கள் ஊரில் பவளத்தின் மேல்தான் உதித்தன, துளிர்த்தன.

தேர்தலுக்கு வெகுநாள் முன்பே சுவர் பிடிக்கும் வைபவம் தொடங்கிவிடும். காலையில் கதவைத் திறந்தால் சொந்த வீட்டின் மேல் வேறொருவர் பட்டா எழுதியிருப்பார்: கட்சிப் பெயர், ஆண்டு, கூடவே ‘ஆல் சைடு’. நான்கு பக்கமும் அவர்களுக்கே என்று பொருள். வீட்டுக்காரரைக் கேட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-இலேயே இங்கே சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தைப் பற்றிச் சுவரில் யாரும் எழுதாததால் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவுக்கு வந்த ஓவியரை எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி என்போம். லாரிக்கு நம்பர், கடைக்குப் போர்டு, தோணிக்குப் பெயர், சார்லஸ் தியேட்டரில் படம் மாறினால் தட்டி, தேர்தல் வந்தால் எல்லாச் சின்னமும். முதலில் சுண்ணாம்பில் வஜ்ரம் காய்ச்சி ஊற்றி வெள்ளையடிப்பார். வஜ்ரம் சேராவிட்டால் எங்கள் உப்புக்காற்றுக்கு வெள்ளை ஒரு மாதத்தில் கையோடு வரும். காய்ந்ததும் நூல் அடிப்பது. நீலப் பொடியில் புரட்டிய நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் இழுத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நடுவில் இரண்டு விரலால் இழுத்து விடுவார். ‘டப்’ என்று ஒரு சத்தம். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீலக்கோடு நேராக விழுந்திருக்கும்; என் மூக்கிலும் கொஞ்சம். பிறகு எழுத்து, எழுத்துக்கு ஷேடு. ஷேடு விழுந்ததும் வேட்பாளர் பெயர் சுவரைவிட்டு ஒரு சாண் வெளியே வந்து நிற்கும். தேர்தல் முடிந்து பலர் அதற்குமேல் வந்ததில்லை.

ஒரே நாளில் மூன்று கட்சிக்கும் எழுதுவார். “எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“கொள்கை அவங்ககிட்ட இருக்கட்டும்ல. நீ பிரஷ்ஷ நல்லா கழுவிக் குடு. செவப்புல பச்ச கலந்துச்சுன்னா கூட்டணிம்பானுவ.”

வலது கீழ்மூலையில் சின்னதாகத் தன் பெயரையும் ‘ஆர்ட்ஸ்’ என்பதையும் எழுதுவார். நியூயார்க்கில் டாக்கி 183 என்று ரயில் நிலையமெல்லாம் எழுதிவைத்த பையனைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 1971-இல் கட்டுரையே போட்டது; உலக கிராஃபிட்டி வரலாறு அதை விடாமல் சொல்லும். அண்ணாச்சியைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. மூலையில் கையெழுத்துக்காக ஒதுக்கிய இடத்துக்குக் காசு பிடித்துக்கொண்ட வட்டச் செயலாளர்தான் உண்டு.

திரேஸ்புரம் கரைக்குப் போனால் சுவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சித்திரங்கள் வள்ளங்களில் இருக்கும். அணியத்தில் சிலுவை, பனிமய மாதா, அந்தோணியார், அடுத்த வள்ளத்தில் எம்.ஜி.ஆர். கடலுக்குள் தூரத்தில் வரும்போதே நிறத்தை வைத்து யாருடையது என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு என்று சொல்லி, மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது படகை நம்பரை வைத்துத்தான் அடையாளம் காணவேண்டும். அதிகாரிகளுக்கு வசதி.

சுவர்களிலும் அதேபோல ஒருநாள் வெள்ளை விழுந்தது. தேர்தல் ஆணையம் கெடுபிடி செய்ய, நகரத்துச் சுவர்களில் சின்னங்கள் மறைந்தன. எஞ்சியதை ஃப்ளெக்ஸ் சாப்பிட்டது. அண்ணாச்சி கடைசிக் காலத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்கு முன்னால் நின்று, அச்சாகி வரும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். “ஷேடே இல்லலே,” என்பார். வேறு விமர்சனம் கிடையாது.

2017-இல் ஊர் ஸ்மார்ட் சிட்டி ஆனது. சுத்தம் செய்த சுவர்களுக்கு மறுபடி படம் வேண்டியிருந்தது; இந்த முறை டெண்டர் விட்டு. வ.உ.சி. வந்தார், அவருடைய கப்பல் வந்தது, பாரதி வந்தார், டால்பின் வந்தது. சென்னையில் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் 2020-இல் ஓவியர்கள் கூடி வரைந்ததும், கடலுக்கு அந்தப்பக்கம் 2019 இறுதியில் இலங்கை இளைஞர்கள் ஊர் ஊராகச் சுவர் பூசி வரைந்ததும் நல்ல விஷயங்களே. நம் ஊர்ச் சுவருக்கும் நிறம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால் இந்தப் படங்களுக்கு யாரோடும் சண்டை இல்லை. இங்கே 2018 மே 22-இலும் மறுநாளும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். நான் பார்த்த எந்தச் சுவர்ச் சித்திரத்திலும் அந்த நாட்கள் கிடையாது. டால்பின் உண்டு. டால்பின் மேல் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

எதற்காக வரைகிறார்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்: படம் இருந்தால் போஸ்டர் ஒட்டமாட்டார்கள், ஒண்ணுக்கு அடிக்கமாட்டார்கள். இந்த ஞானம் எங்கள் தாத்தாக்களுக்கே இருந்தது. அவர்கள் பிள்ளையார், மாதா, மக்கா என்று மூன்று டைல்ஸ் வரிசையாகப் பதித்தார்கள், செலவும் குறைவு.

பீச் ரோட்டுப் பக்கம் ஒரு மதிலில் முத்துக்குளிப்பு வரைந்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல்; அதன்பிறகு கடலடிப் பாரில் சிப்பி சேரவில்லை. ஆனால் மதிலில் ஏகப்பட்ட சிப்பி, ஒவ்வொன்றிலும் எலுமிச்சை அளவு முத்து. குளியாள் ஒருவர் கல்லில் கால்வைத்துக் கயிற்றைப் பிடித்தபடி நீலத்துக்குள் இறங்குகிறார். படம் நன்றாகவே இருந்தது. நீலம் அசல் நீலம். அதன் பக்கத்தில், குளியாளின் முழங்கையை ஒட்டினாற்போல், யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டியிருந்தார்கள்.

நான் பார்த்துக்கொண்டு நிற்கையில் திரேஸ்புரத்துச் சங்குகுளி ஆள் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். முத்து போனாலும் சங்கு இன்னும் எடுக்கிறார்கள், இப்போது கம்ப்ரசர் காற்றை வாயில் கவ்விக்கொண்டு. அவருடைய தகப்பனார் தொள்ளாயிரம் பாரில் முத்துக் குளித்தவராம்.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். “கயிறு ஒண்ணுதான் இருக்கு.”

“ஒண்ணு போதாதா?”

“கல்லுக்கு ஒரு கயிறு, ஆளுக்கு ஒரு கயிறு. தரைக்குப் போனதும் கல்ல விட்டுருவான்; அத மேல இழுத்துருவாங்க. சிப்பி பொறுக்கிட்டு அவன் தன் கயித்தச் சுண்டுனா அப்புறம் அவன இழுப்பாங்க. அந்தக் கயித்த பிடிக்கிறவன் மச்சானா இருக்கணும்பாங்க, அக்கா தங்கச்சி தாலி அவன் கையிலன்னு. இதுல கல்லுக்கு மட்டும் கயிறு போட்டிருக்கான். கல்லு மேல வந்துரும். இவன் வரமாட்டான்.”

பெடலில் கால் வைத்தவர், போஸ்டரைக் காட்டினார்.

“அது தெரிஞ்சுதான் இதப் பக்கத்துலயே ஒட்டிட்டுப் போயிருக்கானுவ போல.”