மூலையியல்: பழைய பேஸ்பால் அட்டைகள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்: அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டில் சிகரெட்டுக்கும் சூயிங்கத்துக்கும் இலவச இணைப்பாக வந்த, பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட சிறு அட்டைகளை, மீசை நரைத்த ஆண்கள் ஏன் வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைக்கிறார்கள் என்று நிறுவுதல். ஆய்வின் எல்லை: களைப்பு வரும் இடம். ஆய்வு முறை: முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பிறகு தேடுதல். இம்முறை நம் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாகப் புழங்கிவருவதால் தனியே விளக்கவில்லை.

முன்னோர் ஆய்வு: இத்துறைக்கு இலக்கணம் கண்டவர் ஜெபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1939இல் அவர் வெளியிடத் தொடங்கிய பட்டியல்தான் இன்றுவரை ஆட்சி செய்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்', 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'டி', தொடக்க கால மிட்டாய் அட்டைக்கு 'இ', கூடவே ஓர் எண். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட தொடர் இப்படித்தான் டி206 ஆயிற்று. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. மூட்டுவாதத்தில் விரல்கள் முடங்கிய நிலையிலும் ஆண்டுக்கணக்காக அங்கே உட்கார்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. இரண்டு மாதத்தில் காலமானார். ஒட்டினார் என்பதைக் கவனிக்க. பசை தடவி. இன்றைய சேகரிப்பாளர் முன்னால் இதைச் சொன்னால் மயக்கம் போட்டு விழுவார்.

பர்டிக்குக்கு முனைவர் பட்டம் கிடையாது. எனவே இக்கட்டுரை அவரை 'ஆர்வலர்' என்று மட்டுமே குறிக்கும்.

வகைப்பாடு: புகையிலை அட்டை என்பது பாக்கெட் நசுங்காமல் விறைப்பாக நிற்பதற்காக உள்ளே செருகப்பட்டது. மிட்டாய் அட்டையைப் பற்றி எறும்புகளைக் கேட்க. பிழை அட்டை என்பது அச்சுப்பிழை காரணமாக விலை ஏறியது; டி206 தொடரில் ஷெர்ரி மகீயின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டார்கள், அந்த அட்டைக்கு இன்று பெரும் மதிப்பு. இந்த விதி தமிழ்ப் பதிப்புலகுக்கும் பொருந்துமானால் நம்மில் பலர் கோடீஸ்வரர்கள்.

சூயிங்க அட்டைக்கு ஒரு வரி போதாது. 1933இல் கௌடி கம்பெனி வெளியிட்ட தொடரில் 106ஆம் எண் அட்டை கிடையாது. 105 உண்டு, 107 உண்டு. நடுவில் உள்ளதைத் தேடிப் பையன்கள் தாடை வலிக்க மென்றார்கள். கடைசியில், புகார் எழுதியவர்களுக்கு மட்டும் நப்போலியன் லாஜோய் படத்தை மறு ஆண்டு அச்சடித்துத் தபாலில் அனுப்பியது கம்பெனி. புறநானூற்றிலும் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. நாம் ஆளுக்கொரு கட்டுரை எழுதினோமே ஒழிய, எவரும் புகார் எழுதவில்லை.

கடாவும் விடையும்: டி206 தொடரில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் அட்டை ஏன் சில டஜன்களே எஞ்சியுள்ளது எனின், அவர் எதிர்ப்புத் தெரிவித்ததால் அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்க. ஏன் எதிர்த்தார் எனின், தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் என்ப ஒரு சாரார். பணம் தரவில்லை என்ற கோபத்தால் என்ப மற்றொரு சாரார். வாக்னரே புகையிலை மெல்லுபவர் ஆயிற்றே எனின், அது சிகரெட் அன்று என்று முதற்சாரார் சமாதானம் கூறுவர். 2022இல் அந்த அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இரு சாராரும் அதை வாங்கவில்லை என்பது மட்டும் ஐயமின்றித் தெரிகிறது.

இனி மூலை. இதுவரை சொன்னதெல்லாம் இதற்கு முன்னுரை. ஓர் அட்டைக்கு நான்கு மூலை; முகம் ஒன்றுதான். ஆகவே மூலைக்கு முகத்தைப் போல் நான்கு மடங்கு முக்கியத்துவம் தருவதே கணக்குக்குப் பொருந்தும் (காண்க: இவ்வாசிரியரின் 'மூலையும் முனையும்', இன்னும் எழுதப்படவில்லை). தரம் பார்க்கும் கம்பெனிகள் அட்டையை ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து மூடித் தருகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மழுங்கிய மூலையில் தாளின் அடுக்குகள் பிரிந்து, வண்ணம் உதிர்ந்து, உள்ளிருக்கும் வெள்ளை நார் மெல்லப் பஞ்சுபோலத் துருத்திக்கொண்டிருக்கும். அந்த வெள்ளைப் புள்ளி கடுகில் பாதி இருக்காது. அதற்காக வீட்டு விலை அளவுக்குப் பணம் குறையும்.

மூலை மழுங்குவதற்குக் காரணங்கள் பல: சட்டைப்பை, ரப்பர் பேண்ட், சுவரோரம் சுண்டி விளையாடியது, சைக்கிள் சக்கரத்தில் செருகி மோட்டார் சைக்கிள் போலப் படபடவென்று சத்தம் எழுப்பியது. சுருங்கச் சொன்னால், ஒரு பையன் அதை வைத்துச் சந்தோஷமாக இருந்தது. முழு அழிவுக்குக் காரணம் ஒன்றே. ஏட்டுச்சுவடிக்குக் கரையான் எப்படியோ அப்படி அட்டைக்கு அம்மா. மகன் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போனதும் அவன் அறையைச் சுத்தம் செய்த அம்மாக்கள்தாம் மிஞ்சியவற்றுக்கு விலை ஏற்றிவிட்டவர்கள் (காண்க: மேற்படி நூல், இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு எழுதப்படாததால் திருத்தங்கள் இல்லை).

மழுங்கிய மூலையைக் கூராக்க எளிய வழி ஓரத்தை வெட்டிவிடுவது. 1991இல் பனி ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஒரு வாக்னர் அட்டை வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. என்ற தரக் கம்பெனி மதிப்பெண் போட்ட முதல் அட்டையே அதுதான், எட்டு கிடைத்தது. அதன் ஓரங்களை வெட்டியவர் தாமே என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இங்கே ஆய்வுலகம் கற்க வேண்டியது உண்டு. பொருந்தாத ஓரங்களை வெட்டி ஆய்வேட்டைக் கூராக்குவது நம்மிடமும் உண்டு. ஒப்புக்கொள்ளும் வழக்கம்தான் இல்லை.

கூர்மூலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1952இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட மிக்கி மேண்டில் அட்டை, எண் 311. எஸ்.ஜி.சி. என்ற கம்பெனியிடம் 9.5 மதிப்பெண் பெற்ற ஓர் அட்டை 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இத்தொடரின் வடிவமைப்பு புரூக்ளினில் டாப்ஸ் ஊழியர் சை பெர்கரின் சமையலறை மேசையில் நடந்தது. கடைசிப் பகுதி கடைக்கு வரும்போது பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் இருந்ததால் விற்கவில்லை. கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் கொட்டினார் பெர்கர். கடல்கோள் தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் நம் கடல்கோளுக்குக் கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் அறிஞர்கள் படாத பாடு படுகிறார்கள். இங்கோ, கொட்டியவரே பேட்டி கொடுத்திருக்கிறார். மூழ்கிய மேண்டில்களின் மூலைகள் கூராகவே இருந்தன என்பது இவ்வாசிரியரின் துணிபு (காண்க: மேற்படி நூலுக்கு இவ்வாசிரியரே எழுதவிருக்கும் மறுப்பு, அம்மறுப்புக்கு மறுப்பு, இரண்டையும் ஒப்பிட்டு இவ்வாசிரியரின் மாணவர் பட்டம் பெறவிருக்கும் ஆய்வேடு, அதன் நன்றியுரையில் நெறியாளரின் துணைவியார் கொடுத்த காப்பியைப் போற்றும் பத்தி).

முடிவு: யாரும் விளையாடாத அட்டைக்கே விலை அதிகம். உறைக்குள் இருப்பதால் வாங்கியவரும் தொட முடியாது.

இக்கட்டுரையை யாரும் தாராளமாக மேற்கோள் காட்டலாம். படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்க எண்ணைப் பிழையில்லாமல் போட்டால் போதும்.