நாலு மலை, ஒரு வேன்

கேள்வி: பனியன் கம்பெனி நண்பர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பழனி, சிவன்மலை, சென்னிமலை, மருதமலை நாலையும் ஏறிவிடலாம் என்று வேன் பேசிவிட்டார்கள். முடியுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: வேன் ஏறிவிடும்! பழனி தவிர மூன்றுக்கும் மேலே வரை தார் ரோடு. பழனியில் 1966 முதல் விஞ்ச், 2004 முதல் ரோப் கார். நடந்தே தீருவோம் என்றால், சென்னிமலையின் 1,320 படிகளைப் பார்த்ததும் பாதிப் பேர், "செருப்ப நாங்க பாத்துக்கறோம், நீங்க போய்ட்டு வாங்க" என்பார்கள். புளிசாதத் தூக்கை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். நிஜமாகவே மலையேற ஆசையென்றால் வெள்ளியங்கிரி: ஏழு மலை, விஞ்ச் கிடையாது. பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை விடும். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குங்கள்; திங்கட்கிழமைக்கு லீவும் சொல்லிவிடுங்கள்.