மலைக்கோட்டி

ஓட்டப்பிடாரம் கரிசல் பூமி. வ.உ.சி. பிறந்த ஊர், பக்கத்திலேயே கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. பருத்தியும் உளுந்தும் மிளகாயுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் இந்த மண்ணில்தான் மலைக்கோட்டி, அதாவது மலைப் பைத்தியம், பிடித்தவர்கள் நன்றாக விளைகிறார்கள். மலையடிவாரத்து அம்பாசமுத்திரத்துக்காரரிடம் மலையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது அங்கனதான கெடக்கு" என்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

நாற்பது வயது தாண்டி, சர்க்கரையும் எட்டிப் பார்த்து, டாக்டர் "நடங்க" என்று சொல்லும் நாளில் இந்த அண்ணாச்சி பிறக்கிறார். டாக்டர் சொன்னது கண்மாய்க்கரை வரைக்கும். இவர் காதில் விழுந்தது பொதிகை வரைக்கும். பூட்ஸும் மடக்குக் கம்பும் வாங்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவார். வழியில் வல்லநாட்டு மலை ஜன்னலோரம் வந்து நிற்கும். வெளிமான்களுக்காக 1987-இல் சரணாலயமாக்கிய மலை அது; அந்த மான் இயற்கையாக வாழும் தென்கோடி இடங்களில் ஒன்று. அண்ணாச்சி தலை நிமிரமாட்டார். செல்போனில் அவர் அப்போது போர்ச்சுகலில் இருப்பார்.

போர்ச்சுகல் அவருக்கு அயலூர் இல்லை. 1530-களில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கியவர்கள்தானே! அந்த நாட்டுப் பெருநிலத்தின் உச்சி, செர்ரா த எஸ்த்ரேலாவில் இருக்கும் தோர்ரே: 1,993 மீட்டர். ஏழு மீட்டர் குறைகிறதே என்று மேலே ஒரு கோபுரத்தைக் கட்டி 2,000 ஆக்கிக்கொண்டார்கள் என்பார்கள். உச்சி வரை காரே போகும். மேலே செம்மறிப்பால் பாலாடைக்கட்டி விற்கும் கடைகூட உண்டு. அந்தக் கோபுரம் அண்ணாச்சியை ரொம்பவே கவர்ந்துவிட்டது. பொதிகையில் நம் அகத்தியர் மலை 1,868 மீட்டர். டீக்கடையில் யாராவது கேட்டால், "ரெண்டாயிரம்னு வச்சுக்கிடுங்களேன்" என்பார். கோபுரச் செலவுகூட இல்லை.

அகத்தியர் மலைக்குக் கேரளாவில் போனக்காடு வழியாகத்தான் போகவேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் அனுமதிச் சீட்டு தருவார்கள். அண்ணாச்சி கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் தீர்ந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் மாண்ட பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு கூடியது. அதில் அவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதியச் சொன்னது. நாற்பதில் அண்ணாச்சியின் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. "உப்பளத்துல ஏறச் சொல்லுதானா?" என்று ஒரு வாரம் கொதித்தார்.

கடைசியில் ஆடி அமாவாசைக்குத் தெருவே வேன் பிடித்துச் சதுரகிரி போனபோது அவரும் தொற்றிக்கொண்டார். அடிவாரத் தாணிப்பாறையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டி, இடுப்பு வாரை இறுக்கி, தண்ணீர்க் குழாயை வாயோரம் பொருத்தி முடிப்பதற்குள் கூட வந்த ஆத்தாமார் வழுக்குப்பாறையை நெருங்கிவிட்டார்கள். செருப்பும் இல்லை. தலையில் துணிமூட்டை, அதற்குள் புளியோதரை. அவர்கள் இதற்கு மலையேற்றம் என்றெல்லாம் பேர் வைக்கவில்லை. நேர்ச்சை, வருசா வருசம் வருகிறார்கள்.

பாதி வழியில் அண்ணாச்சி பாறையில் உட்கார்ந்து, "இந்த எடத்துல காத்தோட்டத்தப் பாத்துக்கிட்டு வாரேன்" என்றார். மூச்சுதான் ஓடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மூத்த ஆத்தா மடியிலிருந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தாள்.

"தின்னுட்டு மெதுவா வாய்யா. வரலன்னாலும் பாதகமில்ல, திரும்பிப் போகும்போது கூட்டிட்டுப் போறோம்."

அதில் எத்தனை கலோரி என்று கைக்கடிகாரத்தில் பதிந்துவிட்டு அண்ணாச்சி நிமிர்வதற்குள், ஆத்தாமார் அடுத்த வளைவைத் தாண்டிவிட்டார்கள்.