வாயுவின் சார்பில் ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: இரண்டாம் முறை நீட் எழுதும் ரிப்பீட்டர் மாணவி, நாமக்கல் மாவட்டம்.
பெறுநர்: தேசியத் தேர்வு முகமை, புது தில்லி.
பொருள்: வெப்ப இயக்கவியலில் பிளஸ், மைனஸ் குறிகளுக்கு நிரந்தர முகவரி கோருதல் தொடர்பாக.

மாண்புமிகு முகமையே,

2025இல் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி என்று பழைய கணக்குக்கே திரும்பியதற்கு முதற்கண் நன்றி. அதில் இயற்பியல் 45. உயிரியலில் நிமிடத்தைத் திருடி இயற்பியலுக்குக் கொடு என்பதுதான் எங்கள் விடுதியில் சொல்லித்தரும் முதல் விதி. ஆற்றல் அழியாமையெல்லாம் அதற்குப் பிறகு.

என் குறை வேறு. உருளைக்குள் அடைபட்ட வாயுவைப் பிஸ்டனால் அழுத்தி, அதன்மீது 100 ஜூல் வேலை செய்கிறோம். வெப்பம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இயற்பியல் புத்தகத்தில் அந்த வேலை மைனஸ் 100. அங்கே வாயு செய்யும் வேலைதான் பிளஸ். வேதியியல் புத்தகத்தில் அதே வேலை பிளஸ் 100. அங்கே வாயுமீது செய்வதுதான் பிளஸ். இரண்டுமே என்.சி.இ.ஆர்.டி., இரண்டுமே பதினொன்றாம் வகுப்பு. அதனதன் சூத்திரத்தில் போட்டால் இரண்டிலும் அக ஆற்றல் 100 ஜூல் கூடும். ஆகவே அறிவியலுக்கு நட்டமில்லை. நட்டம் எனக்குத்தான். இயற்பியலிலிருந்து வேதியியலுக்குத் தாவும் நொடியில் மூளைக்குள் குறியைத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் நான்கு மதிப்பெண் போகும், கூடவே ஒன்று கழியும். அந்த மைனஸ் ஒன்றுக்கு மட்டும் எந்தப் பாடத்திலும் குறி மாறுவதே இல்லை.

தங்களுக்கு முன் சி.பி.எஸ்.இ. நடத்திய 2018 தேர்வில், நீரின் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே இயங்கும் இலட்சிய வெப்ப இயந்திரத்தின் பயனுறு திறனைக் கேட்டார்கள். கெல்வினில் போட்டால் 26.8 சதவீதம். பதற்றத்தில் செல்சியஸிலேயே போட்டால் 100 சதவீதம். அப்படியோர் இயந்திரம் உலகில் இல்லை என்பது இரண்டாம் விதி. கோச்சிங் சென்டர் பேனர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது.

எந்தப் புத்தகம் சொல்வதை எழுதுவது என்ற குழப்பம் எனக்கு மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். 2024இல் தங்களுக்கே வந்ததே! அணுவைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பழைய பதிப்பு படித்தவர்களுக்கு ஒரு விடை, புதிய பதிப்பு படித்தவர்களுக்கு ஒரு விடை என்று இரண்டுக்கும் மதிப்பெண் போட்டீர்கள். உச்ச நீதிமன்றம் ஐ.ஐ.டி. தில்லி நிபுணர்களைக் கேட்டது. சரியான விடை ஒன்றுதான் என்றார்கள். சிலருக்கு நடந்த மறுதேர்வும் அந்தக் கேள்வியும் சேர்ந்து, 720க்கு 720 வாங்கிய 67 பேரைக் கடைசியில் 17 ஆக்கின. வெப்பமே கொடுக்காமல் 50 பேரை ஆவியாக்கிய அந்த நிகழ்வுக்கு எந்தப் பதிப்பிலும் பெயர் இல்லை.

மருத்துவருக்கு வெப்ப இயக்கவியல் எதற்கு என்று கேட்கும் கூட்டத்தில் நான் இல்லை. வாயுவின் இரண்டு வெப்ப ஏற்புத்திறன்களையும் இணைத்து நாங்கள் மனப்பாடம் செய்யும் சமன்பாடு மேயருடையது. அவர் மருத்துவர். 1840இல் கப்பல் மருத்துவராக ஜாவாவுக்குப் போனபோது, மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவந்திருப்பதைக் கண்டு யோசிக்கத் தொடங்கித்தான் ஆற்றல் அழியாமைக்கு வந்து சேர்ந்தார். அனுப்பிய முதல் கட்டுரையை இதழ் வெளியிடவில்லை. 1842இல்தான் அடுத்தது அச்சேறியது. நல்லவேளை, அந்த முதல் இதழின் ஆசிரியர் நெகட்டிவ் மார்க் போடவில்லை. தங்கள் தேர்வறையில் உட்கார்ந்திருந்தால், அந்த இரத்தம் ஏன் சிவப்பு என்று மேயர் புருவம் உயர்த்தும் முன்பே ஓ.எம்.ஆர். தாளைப் பிடுங்கியிருப்பார்கள்.

ஆகவே, வெப்ப இயக்கவியல் கேள்வி ஒவ்வொன்றின் கீழும் வேலை வாயு செய்ததா, வாயுமீது செய்ததா என்று ஒரு வரி அச்சிடுமாறும், எந்த ஆண்டுப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விடைக்குறிப்புத் தயாரிக்கிறீர்கள் என்பதைத் தேர்வுக்கு முன்பே அறிவிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் முறை எழுத அப்பாவிடம் பணமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ரிப்பீட்டர்